மதுக்கடை மூடும் நேரத்தைத் தள்ளிவைத்தால் குடிப்பழக்கம் மாறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மது விற்கும் நேரம் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. கடை நெடுநேரம் திறந்திருந்தால் மக்கள் அவசரப்படாமல் அளவோடு குடிப்பார்கள் என்கிறது ஒன்று. விடிய விடிய விற்றால் எல்லாரும் குடிகாரர்களாகிவிடுவார்கள் என்கிறது மற்றொன்று. பல ஆண்டுகளாக இந்த விஷயத்தைத் தேடிப் படித்து, கேட்பவர்களுக்கு விளக்கிவருகிறேன். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. "நெகிழ்வான உரிம நேரம்"னா என்ன? 24 மணி நேரமும் கடை திறந்திருக்கிறதா?

இல்லை. எல்லாக் கடைக்கும் சட்டமே ஒரே மூடும் நேரத்தை விதிப்பது பழைய முறை. ஒவ்வொரு கடையும் தனக்கு வேண்டிய நேரத்தைக் கேட்டு விண்ணப்பிக்க, உள்ளாட்சி மன்றம் பரிசீலித்து உரிமம் தருவது நெகிழ்வு முறை. இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் இங்கிலாந்தும் வேல்ஸும். அங்கே முன்பு பப்கள் வார நாட்களில் இரவு 11 மணிக்கும் ஞாயிறு 10.30-க்கும் விற்பனையை நிறுத்தியாக வேண்டியிருந்தது. கையில் இருப்பதைக் குடித்து முடிக்க 20 நிமிடம் தருவார்கள். 2003-இல் நிறைவேறிய உரிமச் சட்டம் 2005 நவம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பொது நேரம் போய்விட்டது.

"24 மணி நேரக் குடி" என்று பத்திரிகைகள் தலைப்பிட்டதால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. உண்மையில், 24 மணி நேர உரிமம் பெற்ற இடங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹோட்டல் பார்கள். பப்களும் நைட் கிளப்களும் பத்தில் ஒன்று அளவுதான். எல்லாக் கடைகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், மூடும் நேரம் 20 நிமிடம் போலத்தான் தள்ளிப்போனது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பல கேள்விகளுக்கு இது தேவைப்படும்.

2. நல்லா ஓடிக்கிட்டிருந்த சட்டத்தை ஏன் மாத்தினாங்க?

அவ்வளவு நன்றாக ஓடவில்லை. ஊரிலுள்ள எல்லா பப்களும் ஒரே நிமிடத்தில் மூடினால் குடித்தவர்கள் எல்லாரும் ஒரே நிமிடத்தில் தெருவுக்கு வருவார்கள். ஒரே டாக்சி வரிசை, ஒரே சாப்பாட்டுக் கடை, அங்கே தள்ளுமுள்ளு, அதிலிருந்து அடிதடி. மணி அடிப்பதற்குள் இன்னும் இரண்டு கிளாஸ் வாங்கி மடமடவென்று குடிக்கிற பழக்கம் வேறு.

அரசுக்கு இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. கடைகள் வெவ்வேறு நேரத்தில் மூடினால் கூட்டம் பிரிந்து கலையும் என்பது முதலாவது. நேர நெருக்கடி போனால் பிரிட்டிஷ்காரர்களும் தெற்கு ஐரோப்பியர்களைப் போல உணவோடும் பேச்சோடும் மெதுவாகக் குடிக்கப் பழகுவார்கள் என்பது இரண்டாவது. முதலாவது கூட்டத்தைப் பற்றியது, இரண்டாவது மனிதரின் பழக்கத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாக்குவாதம் நடக்கிறது.

3. அந்த 11 மணிக் கணக்கு எங்கிருந்து வந்தது?

முதல் உலகப் போரிலிருந்து. ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போகிறார்கள் என்று கவலைப்பட்ட அரசு 1915-இல் ஒரு மதுக் கட்டுப்பாட்டு வாரியத்தை அமைத்தது. பப்கள் நாளுக்கு ஐந்தரை மணி நேரம் போலத்தான் விற்கலாம் என்றாயிற்று. மதியத்துக்கும் மாலைக்கும் நடுவே கட்டாய இடைவேளை. போர் முடிந்தும் அந்த ஏற்பாட்டின் சாயல் நீடித்தது. பிற்பகல் இடைவேளை வார நாட்களில் நீங்கியதே 1988-இல்தான்.

அந்தக் காலத்தில் குடிபோதைக்காகத் தண்டனை பெற்றவர்கள் 1914-இல் 1,80,000-க்கு மேல். 1918-இல் 30,000-க்குக் கீழே. நேரக் கட்டுப்பாட்டின் வெற்றி என்று இதைக் காட்டுவார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் பீரின் வீரியம் குறைக்கப்பட்டது, உற்பத்தி சுருங்கியது, இளைஞர்கள் போர்முனையில் இருந்தார்கள். நேரத்துக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் முழுப் பெருமையும் அதற்குச் சேராது.

4. சீக்கிரம் மூடினா அவசர அவசரமா ஊத்திக்குவாங்கங்கிறது உண்மைதானே?

உண்மை. வரலாற்றில் இதற்கு ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் விடப் பெரிய சாட்சி கிடையாது. 1916-இல் ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்கள் மாலை 6 மணிக்கே பார்களை மூடச் சொல்லின. 1917-இல் நியூசிலாந்தும் சேர்ந்தது. வேலை முடிவது 5 மணிக்கு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. நாற்காலி மேசைகளை எடுத்துவிட்டு, நின்றபடி குடிக்கக் கூட்டத்தை அடைத்தார்கள். கழுவ வசதியாகச் சுவரில் ஓடு பதித்தார்கள். குழாயின் முனையில் துப்பாக்கி போன்ற விசையை வைத்து, வரிசையாக நீட்டிய கிளாஸ்களில் பீரைப் பீய்ச்சினார்கள். "ஆறு மணி மொடாக்குடி" என்றே சொல்லும்படி ஒரு பழக்கம் உருவாயிற்று. நியூ சவுத் வேல்ஸ் 1955-இலும் விக்டோரியா 1966-இலும் தெற்கு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1967-இலும் இதைக் கைவிட்டன.

விக்டோரியாவில் மூடும் நேரம் 6-லிருந்து 10 மணியானதும் என்ன நடந்தது என்பதை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. மாலை 6-க்கும் 7-க்கும் இடையே குவிந்திருந்த சாலை விபத்துகள் இரவு 10-க்கும் 11-க்கும் இடையே நகர்ந்துவிட்டன. மொத்த எண்ணிக்கையில் குறிப்பிடும்படி மாற்றமில்லை.

5. அப்படின்னா நேரத்தை நீட்டினா நிதானமா குடிக்கணுமே? ஏன் நடக்கலை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரிட்டனில் 10 மில்லி சுத்தமான ஆல்கஹால் ஒரு யூனிட். உடல் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட்டைத்தான் கழிக்கும். ஆளுக்கு ஆள் சற்றுக் கூடும், குறையும். காபி, குளிர்ந்த தண்ணீர், எலுமிச்சை எதுவும் அதை வேகப்படுத்தாது. 4 சதவீத பீர் ஒரு பைண்ட்டில், அதாவது 568 மில்லியில், 2.3 யூனிட் இருக்கிறது. இரவு 8 முதல் 11 வரை நாலு பைண்ட் குடித்தவர் உள்ளே விட்டது 9 யூனிட், கழிந்தது 3, மீதி 6. அவரே 2 மணி வரை உட்கார்ந்து, முன்னைவிட மெதுவாக, இன்னும் மூன்று பைண்ட் மட்டும் குடிக்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 16 யூனிட், கழிந்தது 6, மீதி 10. வேகம் குறைந்தும் போதை ஏறியிருக்கிறது. நிதானமாகக் குடித்தால் போதும் என்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறார்கள்.

இன்னொன்று, பழக்கம் கடிகாரத்தால் மட்டும் உருவாவதில்லை. விலை, யாரோடு குடிக்கிறோம், சாப்பாடு உண்டா, உட்கார இடமுண்டா, போதையேறுவதை அந்தச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்று பல இழைகள் சேர்ந்தது அது. கதவைத் திறந்து வைப்பதால் அவை தாமாக மாறிவிடாது. முன்பு 11 மணி வரை குடித்தவர் அதே பாணியில் 2 மணி வரை குடிக்கிறார், அவ்வளவுதான். தெற்கு ஐரோப்பாவில் கடை நெடுநேரம் திறந்திருந்ததால் மக்கள் மெதுவாகக் குடிக்கவில்லை. மெதுவாகக் குடித்ததால் கடையை நெடுநேரம் திறந்து வைத்தும் சமாளிக்க முடிந்தது என்றே எனக்குப் படுகிறது.

6. 2005-க்கு அப்புறம் இங்கிலாந்துல குடி கூடிச்சா இல்லையா? நேரடியா சொல்லுங்க.

மொத்த அளவு கூடவில்லை, குறைந்தது. பிரிட்டனில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் குடித்தது தலைக்கு ஆண்டுக்கு 11 லிட்டர் சுத்த ஆல்கஹாலைத் தாண்டி உச்சம் தொட்டது 2004-இல், அதாவது சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே. அடுத்த பத்தாண்டுகளில் அது 10 லிட்டருக்குக் கீழே இறங்கியது. "நாடு குட்டிச்சுவராகிவிடும்" என்றவர்கள் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே வேளை, இதைச் சட்டத்தின் சாதனையாகச் சொல்வதும் பொய்க்கணக்கு. 2007 ஜூலையில் இங்கிலாந்தில் பப்களுக்குள் புகைபிடிக்கத் தடை வந்தது. 2008-இல் பொருளாதாரம் சரிந்தது, மது வரி பணவீக்கத்தைத் தாண்டி ஆண்டுதோறும் ஏறத் தொடங்கியது. குடிக்காத இளைஞர்களின் எண்ணிக்கையும் கூடியது. 1-ஆம் கேள்வியில் சொன்ன 20 நிமிட நீட்டிப்பு, நாட்டின் மொத்தக் குடியை ஏற்றவோ இறக்கவோ போதுமான விசை அல்ல.

7. சரி, அடிதடி குறைஞ்சுதா?

நகர்ந்தது. அரசே 2008-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மொத்தக் குற்றங்கள் பயந்த அளவுக்கு ஏறவில்லை, எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவும் இல்லை. ஆனால் பின்னிரவு 3 மணி முதல் 6 மணி வரையிலான வன்முறை கூடியது. மான்செஸ்டர் நகரக் காவல்துறைப் பதிவுகளை வைத்துச் செய்த தனி ஆய்விலும் இதே படம்தான்: மொத்தத்தில் மாற்றமில்லை, வார இறுதிகளில் அந்த மூன்று மணி நேரத்தில் மட்டும் வன்முறை 27.5 முதல் 36 சதவீதம் வரை ஏற்றம்.

"மொத்தம் ஏறலையே, அப்புறம் என்ன" என்று கேட்பார்கள். விடிகாலை 4 மணியில் காவலர்கள் குறைவு, பேருந்து குறைவு, மருத்துவமனையில் மூத்த மருத்துவர்கள் குறைவு. அந்த நேரத்தில் நடக்கும் ஒரு தாக்குதலைச் சமாளிப்பது மாலை நேரத்தில் நடப்பதைச் சமாளிப்பதை விடக் கடினம். விக்டோரியாவின் விபத்துகள் நகர்ந்ததை 4-ஆம் பதிலில் பார்த்தோம். இங்கே நகர்ந்து சேர்ந்த இடம் இரவின் மிகப் பலவீனமான பகுதி.

8. மருத்துவமனைகள் என்ன சொல்லுது?

லண்டனில் உள்ள செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் அவசரப் பிரிவில், சட்டத்துக்கு முந்தைய 2005 மார்ச்சையும் பிந்தைய 2006 மார்ச்சையும் ஒப்பிட்டார்கள். இரவில் வந்தவர்களில் குடி தொடர்பாக வந்தவர்கள் நூற்றுக்கு 3 பேர் போல இருந்தது 8 பேராகியிருந்தது. பயமுறுத்தும் எண்தான். ஆனால் அது ஒரே மருத்துவமனை, நள்ளிரவுக் கேளிக்கைப் பகுதிகளுக்கு அருகில் இருப்பது, ஒப்பிட்டதும் ஒரு மாதத்தோடு ஒரு மாதம். வேறு சில ஊர்களில் செய்த ஆய்வுகள் இப்படிப்பட்ட ஏற்றத்தைக் காட்டவில்லை. எந்த இடத்தில் கடைகள் உண்மையிலேயே நெடுநேரம் திறந்தன என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

9. மத்த நாடுகள்ல இன்னும் தெளிவான ஆதாரம் இருக்கா?

இருக்கிறது. சொல்லப்போனால் இங்கிலாந்தை விடத் தெளிவானவை அவை. நார்வேயில் 18 நகரங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் மூடும் நேரத்தைச் சில இடங்களில் கூட்டியும் சிலவற்றில் குறைத்தும் பார்த்தன. எந்த மாற்றமும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை. வார இறுதி இரவுகளில், ஒரு மணி நேரம் கூட்டியபோது தாக்குதல்கள் சுமார் 16 சதவீதம் கூடின. குறைத்தபோது ஏறக்குறைய அதே அளவு குறைந்தன. இரு திசையிலும் ஒரே மாதிரி நடந்திருப்பதால் இந்த ஆய்வை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆம்ஸ்டர்டாமில் 2009-இல் ஐந்து கேளிக்கைப் பகுதிகளில் இரண்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தந்தார்கள். அந்த இரண்டில் குடி தொடர்பான காயங்களுக்கு ஆம்புலன்ஸ் அழைத்தது, மற்ற மூன்றோடு ஒப்பிட, 34 சதவீதம் அதிகம். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், நள்ளிரவுக்குப் பதில் 1 மணி வரை விற்க அனுமதி பெற்ற ஹோட்டல்களோடு தொடர்புள்ள தாக்குதல்கள் 70 சதவீதம் போல ஏறின. அந்த ஹோட்டல்கள் வாங்கிய வீரியம் கூடிய பீரும் மற்ற மதுவகைகளும்தான் பெரும்பாலும் அதற்கு விளக்கமாக அமைந்தன. அதாவது கூடுதல் நேரம் கூடுதல் விற்பனையாகியிருக்கிறது.

10. நேரத்தைக் குறைச்ச ஊர்கள்ல பலன் கிடைச்சுதா?

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 2008 மார்ச்சில் 14 பப்களின் மூடும் நேரத்தை விடிகாலை 5 மணியிலிருந்து 3 மணியாகக் குறைத்தார்கள், சில மாதங்களில் அதை 3.30 ஆக்கினார்கள். இருட்டிய பிறகு நடக்கும் தாக்குதல்கள், கட்டுப்பாடு இல்லாத பக்கத்துப் பகுதியான ஹாமில்டனோடு ஒப்பிட, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் பலன் நீடித்தது. பிரேசிலின் தியாதெமா நகரில் விடிய விடியத் திறந்திருந்த பார்களை 2002 முதல் இரவு 11 மணிக்கு மூடச் சொன்னார்கள். கொலைகள் மாதத்துக்கு ஒன்பது வரை குறைந்ததாக ஆய்வு மதிப்பிட்டது. அந்தக் காலத்தில் சாவோ பாலோ மாநிலம் முழுவதுமே கொலைகள் குறைந்துவந்ததால், தியாதெமாவின் எண்ணைச் சற்று எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்கிறேன்.

11. ஒரு ஏரியாவுல மூடினா பக்கத்து ஏரியாவுக்குப் போயிடுவாங்க. என்ன பிரயோஜனம்?

சிட்னியைப் பார்ப்போம். 2014 பிப்ரவரியில் நகர மையத்திலும் கிங்ஸ் கிராஸ் பகுதியிலும் 1.30-க்குப் பிறகு புதிதாக யாரும் உள்ளே நுழையக் கூடாது, 3 மணிக்குக் கடைசி விற்பனை என்று விதித்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் கிங்ஸ் கிராஸில் தாக்குதல்கள் பாதியாகச் சரிந்தன, நகர மையத்தில் 13 சதவீதம் குறைந்தன. பக்கத்துக் கேளிக்கைப் பகுதிகளில் ஓரளவு ஏறவும் செய்தன. ஆகவே உங்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் கூட்டிக் கழித்தால் குறைவுதான்.

அதன் விலையையும் சொல்லியாக வேண்டும். கிங்ஸ் கிராஸின் இரவு வாழ்க்கை அடங்கிப்போனது, இசைக் கலைஞர்கள் மேடைகளை இழந்தார்கள், பல இடங்கள் மூடப்பட்டன. எதிர்ப்பு வலுத்து, நகர மையத்தில் 2020 ஜனவரியிலும் கிங்ஸ் கிராஸில் 2021 மார்ச்சிலும் நுழைவுத் தடை நீக்கப்பட்டது. உயிர்களைக் காக்கும் விதி என்பதற்காக அந்த இழப்புகளை ஒன்றுமில்லை என்று தள்ள எனக்கு மனமில்லை.

12. வண்டி ஓட்டுறதுல என்ன ஆச்சு? குடிச்சிட்டு ஓட்டுறது கூடியிருக்கணுமே?

இங்கேதான் ஆதாரங்கள் முரண்படுகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-க்குப் பிறகு சாலை விபத்துகள், குறிப்பாக வார இறுதி இரவுகளில் இளைஞர்களுடையவை, குறைந்ததாகப் பொருளாதார ஆய்வொன்று கண்டது. ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் 1999-2000-இல் நேர வரம்பே இல்லாமல் ஓராண்டு சோதித்தபோது, தெருக்கூட்டம் பிரிந்தாலும் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர்கள் கூடினார்கள், வார இறுதி இரவுகளில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களும் கூடினார்கள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் காரை எடுப்பது நின்றால் விபத்து குறையலாம். நெடுநேரம் குடித்தவர் வெறிச்சோடிய சாலையில் ஓட்டினால் கூடலாம். எது மேலோங்கும் என்பதை அந்த ஊரின் இரவுப் போக்குவரத்தும் காவல்துறைச் சோதனையும் முடிவு செய்கின்றன.

13. இப்பல்லாம் பாதிப் பேர் வீட்டுலயே குடிக்கிறாங்க. பார் நேரத்தைப் பத்திப் பேசி என்ன?

சரியான கேள்வி, தாமதமாகத்தான் பலர் இதற்கு வருகிறார்கள். சூப்பர்மார்க்கெட்டில் மலிவாக வாங்கி, வீட்டிலேயே பாதி போதை ஏற்றிக்கொண்டு கிளம்புவது பிரிட்டனில் இளைஞர்களின் வழக்கமாகிவிட்டது. பார் தாமதமாக மூடினால் வெளியே கிளம்புவதும் தாமதமாகிறது. அந்த இடைவெளியை வீட்டு பாட்டில் நிரப்புகிறது. நெகிழ்வு நேரம் மெதுவாகக் குடிக்க வைக்கும் என்ற கணக்கில் இந்த பாட்டில் சேர்க்கப்படவே இல்லை.

வாங்கிச் செல்லும் மதுவுக்கு நேர வரம்பு வைத்த இடங்களும் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா 2005-இல் இரவு 9 மணிக்கு மேல் விற்பனையைத் தடுத்தது, பெட்ரோல் நிலையங்களில் விற்பதையே நிறுத்தியது. போதை மிகுந்து மருத்துவமனையில் சேர்ந்த இளையோர் குறைந்தார்கள். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2010 முதல் 2017 வரை இரவு 10 முதல் காலை 5 வரை தடை வைத்திருந்தது. அங்கே இளையோர் சேர்க்கை 7 சதவீதம் போலக் குறைந்தது. இரண்டிலும் பலன் தெரிந்தது இளைஞர்களிடம். அலமாரியில் எப்போதும் பாட்டில் வைத்திருக்கும் நடுவயதுக்காரருக்குக் கடை மூடுவது ஒரு பொருட்டில்லை.

14. ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா நீட்டினா பாதிப்பில்லைன்னு படிச்சேனே?

நீங்கள் படித்தது 2010-இல் அமெரிக்காவில் தொகுக்கப்பட்ட ஓர் ஆய்வுத் திரட்டாக இருக்கலாம். இரண்டு மணி நேரம் அல்லது அதற்கு மேல் நீட்டினால் தீங்கு கூடுகிறது என்று அது முடிவு சொன்னது. அதற்குக் குறைவான நீட்டிப்புக்கு "போதிய ஆதாரம் இல்லை" என்றது. போதிய ஆதாரம் இல்லை என்பது பாதிப்பில்லை என்பதாகாது. 9-ஆம் பதிலில் சொன்ன நார்வே, ஆம்ஸ்டர்டாம் ஆய்வுகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

15. நாங்க அளவாத்தான் குடிக்கிறோம். யாரோ சண்டை போடுறதுக்கு எங்களை ஏன் தண்டிக்கணும்?

உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது, நியாயமும்கூட. ஆனால் மேலே உள்ள ஆய்வுகளைப் பாருங்கள்; பிரச்சினை குவிவது பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி. இரவு 10 மணிக்கு நண்பரோடு ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வீடு திரும்புபவரை 3 மணி மூடல் தொடவே தொடாது. அளவாகக் குடிப்பவர்களுக்காக என்று சொல்லிக் கேட்கப்படும் பின்னிரவு உரிமம், நடைமுறையில் அதிகம் குடிப்பவர்களிடம்தான் சம்பாதிக்கிறது. அந்த நேரத்தில் தாக்கப்படுபவர்களில் குடிக்காதவர்களும் உண்டு: பரிமாறுபவர், டாக்சி ஓட்டுநர், ஆம்புலன்ஸ் ஊழியர்.

16. கடிகாரத்தை மாத்தினா குடிக்கு அடிமையானவர் திருந்துவாரா?

மாட்டார். அவருக்கு வேண்டியது மருத்துவம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: நெடுங்காலம் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடை மூடிவிட்டது என்பதற்காக அவரை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள்; மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

17. உடம்புக்குக் கெடுதின்னு சொல்லி ஒரு கடையோட கூடுதல் நேரத்தை மறுக்க முடியுமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடினம். அங்கே சட்டம் நான்கு நோக்கங்களைத்தான் ஏற்கிறது: குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லைத் தடுப்பு, குழந்தைகள் பாதுகாப்பு. மக்களின் உடல்நலம் பட்டியலில் இல்லை. ஸ்காட்லாந்தின் 2005 சட்டம் அதை ஐந்தாவது நோக்கமாகச் சேர்த்தது. கல்லீரல் நோயாளிகளின் கணக்கை மேசையில் வைத்தாலும் ஒரு குறிப்பிட்ட கடையோடு அதை இணைத்துக் காட்டுவது எளிதல்ல. ஆனாலும் அந்த வரி சட்டத்தில் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல என்றே நினைக்கிறேன்.

18. எங்க நகரத்துல நேரத்தை நீட்டப் போறாங்களாம். கூட்டத்துல என்ன கேட்கலாம்?

"குடி கூடுமா?" என்று கேட்காதீர்கள்; யாரும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. நள்ளிரவு முதல் காலை 6 வரை இப்போது எத்தனை தாக்குதல், எத்தனை ஆம்புலன்ஸ் அழைப்பு, மணிவாரியாக எண் இருக்கிறதா என்று கேளுங்கள். நீட்டிப்புக்கு முன்பே அந்த எண்களை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பின்னால் ஒப்பிட வேறு வழி கிடையாது. முடிந்தால் ஆம்ஸ்டர்டாம் போல ஒரு பகுதியில் மட்டும் தொடங்கி, நீட்டாத பகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி பேருந்து எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கடை 3 மணிக்கு மூடி, பேருந்து 12-க்கே நின்றுவிட்டால், அந்த மூன்று மணி நேரமும் குடித்தவர்கள் எப்படி வீடு போவார்கள் என்பதற்குப் பதிலை வாங்காமல் கூட்டத்தை விட்டு எழுந்து வராதீர்கள்.